ஒரு நாள் தள்ளிப்போட்ட துக்கம்

அத்தியாயம் பதினான்கு

லண்டனின் மே மாதப் பரபரப்புக்கு நடுவே பென்ரோஸ் சகோதரிகளை விட்டுவிட்டு வந்தோம். இளையவள் லெட்டிக்கு எட்மண்ட் ஃபாரன்ட் மேல் மனம் போய்விட்டது. அவனுக்கும் அப்படித்தான் என்று ஊரே சொன்னது. அவன் மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரக் கடைசியில் தூதரக வேலையாக நேப்பிள்ஸுக்குக் கப்பலேறுகிறான். திரும்பி வர இரண்டு வருடம் ஆகும்.

ஆகவே திங்கட்கிழமை லேடி ஆர்டனின் தோட்ட விருந்தில் அவன் கேட்டுவிடுவான் என்று அம்மா நம்பினாள், லெட்டி நம்பினாள், எதையும் எளிதில் நம்பாத அக்கா ஹெஸ்டரும் நம்பினாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை, லெட்டியின் இடுப்புப் பட்டையைத் தேய்க்க இஸ்திரி சூடாகிவிட்டதா என்று பார்க்க ஹெஸ்டர் சமையலறைக்கு இறங்கினாள். அடுப்போரமாக டிரெகியர் உட்கார்ந்திருந்தான். கார்ன்வாலில் இருக்கும் பெரியப்பாவின் வண்டிக்காரன். முன்னால் இருந்த தேநீரை அவன் தொடவில்லை.

"டிரெகியர்? நீ எப்ப வந்தே?"

அவன் எழுந்தான். "பெரிய பாப்பா, எங்கிட்ட எதுவும் கேக்காதீங்க. அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க."

"எதுக்கு சத்தியம்?"

அவன் கையிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பிடித்தான். தொப்பியைச் சுற்றித் துக்கத்துக்காகத் தைத்திருந்த கறுப்பு நாடாவை யாரோ அவசரமாகப் பிய்த்திருந்தார்கள். ஒரு துண்டு நூலோடு தொங்கிக்கொண்டிருந்தது.

ஹெஸ்டர் அதைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்ப?"

"வெள்ளிக்கிழமை விடியக்காலை. நெஞ்சு வலின்னார். டாக்டர் கார்லியன் கடைசி வரைக்கும் பக்கத்துலயே இருந்தார். ரொம்பக் கஷ்டப்படலை." டிரெகியர் மூக்கை உறிஞ்சினான். "உடனே கிளம்பு, முதல்ல அம்மாகிட்ட போய்ச் சொல்லுன்னு டாக்டர்தான் அனுப்பினார். அவரும் அதே வண்டியிலதான் வந்தார். கிளம்பறதுக்கு முன்னாடி வழக்கப்படி எல்லாம் செஞ்சேன். தோட்டத்துல இருக்கற தேன்கூடு ஒவ்வொண்ணையும் தட்டி, எசமான் போயிட்டார்னு சொல்லி, கறுப்புத் துணி கட்டினேன். தேனீக்குக்கூடச் சொல்லியாச்சு பெரிய பாப்பா. மாடியில இருக்கற சின்னப் பாப்பாவுக்குச் சொல்லக் கூடாதாம்."

"சொல்லக் கூடாதுதான்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

திருமதி பென்ரோஸ் வாசலில் நின்றிருந்தாள். கண்களைப் பன்னீரால் கழுவியிருந்தாள். அப்படியும் சிவப்பு போகவில்லை.

"நீயும் தெரிஞ்சுக்கிட்டியா? சரி. உள்ளறைக்கு வா. இங்க சமையல்காரிக்குக் காது ரொம்ப நீளம்."

உள்ளறையில் அம்மா கதவைச் சாத்தினாள்.

"ஒரு நாள், ஹெஸ்டர். ஒரே ஒரு நாள். நாளைக்குக் காலையில டிரெகியர் வந்த மாதிரி வருவான். நாளைக்கே நாம கறுப்பு உடுத்திக்கலாம், ஜன்னலை எல்லாம் மூடிக்கலாம். மூணு மாசம் வெளியே தலை காட்ட வேண்டாம்."

"பெரியப்பா செத்துட்டாரும்மா. நாம போய் ஆடப்போறோமா?"

"செத்தவர் நாளைக்கும் செத்தவர்தான். ஃபாரன்ட் நாளைக்கும் இதே ஃபாரன்ட்டா இருப்பார்னு உன்னால சொல்ல முடியுமா? துக்க வீட்டுல வந்து எந்த ஆம்பளை கல்யாணப் பேச்சு எடுப்பான்? வாசல்ல பேர் அச்சடிச்ச சீட்டைக் கொடுத்துட்டு, வருத்தம்னு சொல்லிட்டு, கப்பலேறிடுவான்."

"அவர் நமக்கு அப்பா மாதிரி இருந்தார்."

"எனக்குத் தெரியாதா?" அம்மாவின் குரல் உடைந்தது. உடனே சரிசெய்துகொண்டாள். "உங்கப்பா போனப்ப உனக்குப் பதினெட்டு. லண்டன்ல மாப்பிள்ளை பார்க்கற சீசனுக்கு வந்து பதினஞ்சு நாள்தான் ஆகியிருந்தது. மூட்டை கட்டிக்கிட்டு ஊருக்குப் போனோம். அதோட உன் கதை முடிஞ்சுது. ஏழு வருஷமா நீ ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுக்காக நான் பார்க்கலைன்னு நினைக்காதே. அவளுக்கும் அதே கதி வரணுமா?"

அந்தக் கதைக்கு இன்னொரு பாதியும் உண்டு. மூன்று வருடத்துக்கு முன்னால் கார்ன்வாலில் டாக்டர் கார்லியன் வந்து ஹெஸ்டரைக் கேட்டான். கிராமத்து டாக்டருக்கு என் பெண்ணா என்று அம்மாதான் அனுப்பிவிட்டாள். அதை இப்போது இரண்டு பேருமே பேசவில்லை.

மாடியிலிருந்து லெட்டியின் குரல் வந்தது.

"அக்கா, இஸ்திரி கொண்டுவரப் போனியா, இல்ல இரும்பு உருக்கப் போனியா?"

அம்மா ஹெஸ்டரைப் பார்த்தாள். ஹெஸ்டர் கதவைத் திறந்தாள்.

"இதோ வரேன்டி," என்றாள் மேலே பார்த்து.

*

அழைப்பில் 'காலை விருந்து' என்றுதான் போட்டிருக்கும். மதியம் மூன்று மணிக்கு முன்னால் போய் நின்றால் வேலைக்காரர்கள் நாற்காலி போட்டுக்கொண்டிருப்பார்கள். லேடி ஆர்டனின் தோட்டம் தேம்ஸ் நதி வரை சரிந்து இறங்கியது. பெரிய மரத்தடியில் வாத்தியக்காரர்கள். புல்லை ஒட்ட வெட்டி ஆட்டத்துக்கு இடம் செய்திருந்தார்கள். குளிர்ந்த கோழி, ஸ்ட்ராபெரி, பனிக்கூழ் எல்லாம் கூடாரத்துக்குள்.

லெட்டி ஃபாரன்ட்டோடு இரண்டு முறை ஆடினாள். மூன்றாவது முறை ஆடினால் நிச்சயமான பெண் என்று அர்த்தம். நிச்சயம் ஆகாமல் ஆடினால் வேறு அர்த்தம். ஆகவே ஃபாரன்ட், "கண்ணாடி வீட்டுல ஆரஞ்சு மரம் பூத்திருக்காம், பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டான்.

"பார்த்ததில்லை," என்றாள் லெட்டி. போன வருடமே இரண்டு தடவை பார்த்திருந்தாள்.

அவர்கள் போன திசையை அம்மா விசிறிக்கு மேலாகப் பார்த்தாள். "ஆரஞ்சு மரம்," என்றாள் ஹெஸ்டரிடம் மெதுவாக. "உங்கப்பாவும் இப்படித்தான். ஏதோ புறாக்கூண்டு பார்க்கலாம்னார்." பிறகு பனிக்கூழ் வாங்கக் கூடாரத்துக்குப் போனாள்.

ஹெஸ்டரும் ஆடியிருந்தாள். ஒரு கிழட்டு கர்னலோடு, ஒரு பாதிரியாரோடு, பெயர் நினைவில் நிற்காத ஒருவனோடு. மறுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தால் உடம்பு சரியில்லையா என்று நாலு பேர் கேட்பார்கள்.

இப்போது நதிப்பக்கத்துப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தாள். மஞ்சள் மஸ்லின் உடுப்பு. லெட்டிதான் தேர்ந்தெடுத்தது.

"மிஸ் பென்ரோஸ்."

நிமிர்ந்தாள். ராபர்ட் கார்லியன் நின்றிருந்தான். மூன்று வருடத்தில் நெற்றி கொஞ்சம் ஏறியிருந்தது. அந்தத் தோட்டத்தில் எல்லா ஆண்களும் வெள்ளைக் கையுறை போட்டிருந்தார்கள். அவன் மட்டும் கறுப்பு. உறவும் இல்லை, ஒன்றும் இல்லை. பெரியப்பாவின் துக்கத்துக்காகப் போட்டிருந்தான்.

"நீங்க எப்படி இங்க?" என்றாள்.

"லேடி ஆர்டன் எங்க அம்மாவோட அக்கா. இங்க தங்கலாம்னு வந்தேன். விருந்துன்னு தெரியாது. முதல் நாள் குடும்பத்தாரைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு உங்க வீட்டுக்கு நாளைக்கு வர்றதா இருந்தேன்." அவன் நிறுத்தினான். அவள் உடுப்பைப் பார்த்தான். புருவம் சுருங்கியது. "டிரெகியர் இன்னும் உங்க வீட்டுக்கு வந்து சேரலையா?"

ஆமாம், வரவில்லை என்று சொன்னால் போதும். அவனே அவளுக்கு ஒரு வழியைத் திறந்து வைத்தான். அவள் வாய் திறப்பதற்குள் அவன் பெஞ்சின் மறுபக்கம் உட்கார்ந்தான். குரல் தணிந்தது.

"நான் ஒரு விஷயம் சொல்லணும். எத்தனையோ வீட்டுல எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கேன். உங்ககிட்ட சொல்றதுதான் கஷ்டமா இருக்கு. கொஞ்சம் மனசைத்..."

அந்த இரக்கத்தை அவளால் தாங்க முடியவில்லை.

"வேண்டாம். எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"பெரியப்பா போயிட்டார்னு. காலையிலேர்ந்தே தெரியும்."

வாத்தியக்காரர்கள் ஒரு பாட்டை முடித்துவிட்டு அடுத்ததற்கு நரம்பை முறுக்கினார்கள். கார்லியன் நதியைப் பார்த்தான்.

"மாடி ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். யாரோ உங்க ஜாடைன்னு நினைச்சேன். ரெண்டு ஆட்டம் ஆடினீங்க."

"மூணு," என்றாள் ஹெஸ்டர்.

அவன் தன் கறுப்புக் கையுறையைப் பார்த்துக்கொண்டான்.

"லெட்டியும் ஃபாரன்ட்டும் கண்ணாடி வீட்டுல இருக்காங்க. அவர் இன்னைக்குக் கேட்கலைன்னா இனிமே கேட்க மாட்டார். லெட்டிக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு மணி நேரம், டாக்டர். ஒரு மணி நேரம் நீங்க யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேண்டாம்."

"உங்க பெரியப்பா சாகறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார். அதைச் சொல்லத்தான் நான் லண்டனுக்கே வந்தேன்."

"என்ன வார்த்தை?"

"இந்த வயலின் சத்தத்துல அதைச் சொல்ல மாட்டேன்."

அவன் கையுறைகளை ஒவ்வொரு விரலாக இழுத்துக் கழற்றினான். மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தான்.

"இது லெட்டிக்காக," என்றான். "உங்களுக்காக இல்லை."

ஹெஸ்டர் தலையசைத்தாள். அதற்கு மேல் கேட்க அவளுக்கு உரிமையும் இல்லை.

*

ஒரு மணி நேரம் தேவைப்படவில்லை. கால் மணிக்குள் லெட்டி புல்வெளியில் வந்துகொண்டிருந்தாள். ஓடக் கூடாது என்பதற்காக மிக வேகமாக நடந்தாள். பின்னால் ஃபாரன்ட், காது வரை சிவந்து.

"அக்கா," என்று ஹெஸ்டரின் இரண்டு கைகளையும் பிடித்தாள் லெட்டி. "கேட்டுட்டார். நான் சரின்னுட்டேன். கொஞ்சம் யோசிக்கற மாதிரி நடிக்கணும்னு அம்மா சொன்னாங்க, மறந்தே போச்சு." அப்போதுதான் கார்லியனைப் பார்த்தாள். "அட, டாக்டர். நீங்களா? பெரியப்பா எப்படி இருக்கார்?"

கார்லியன் ஹெஸ்டரைப் பார்த்தான். லெட்டி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அன்று அவள் யார் பதிலுக்கும் காத்திருக்கும் நிலையில் இல்லை.

"எட்மண்ட் நாளைக்கு விடியக்காலையிலேயே கார்ன்வால் கிளம்பறார். பெரியப்பாகிட்ட நேர்ல போய்ச் சம்மதம் கேக்கணும்னு. எழுதிப் போட்டா மரியாதை இல்லையாம். கப்பல் கிளம்பறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம். பெரியப்பாவுக்குப் பிடிச்ச அந்த நாத்தம் பிடிச்ச புகையிலையை வாங்கிட்டுப் போங்கன்னு சொல்லியிருக்கேன். அதைக் கண்டா மனுஷர் எதுக்கும் சரின்னுடுவார்."



லெட்டிக்கு வயது பத்தொன்பது. இருபத்தொன்று ஆகாத பெண்ணுக்குத் தகப்பன் இல்லையென்றால் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். அப்பா உயிலில் வைத்த பாதுகாவலர் பெரியப்பா. இது அம்மாவுக்குத் தெரியும், ஹெஸ்டருக்குத் தெரியும். காலையிலிருந்து ஃபாரன்ட்டின் வாயிலிருந்து ஒரு வார்த்தையை வரவழைப்பது ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வார்த்தை அடுத்து யாரிடம் போகும் என்று இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

நாளை வரை சும்மா இருந்தால் என்ன ஆகும்? விடிவதற்குள் அவன் கிளம்பிவிடுவான். கார்ன்வாலில் மூடிய ஜன்னல்களுக்கு முன்னால் புகையிலைப் பொட்டலத்தோடு நிற்பான். டிரெகியர் எப்போது சேதி கொண்டு கிளம்பினான் என்று அங்கே எந்த வேலைக்காரியும் சொல்வாள். விரலை மடக்கிக் கணக்குப் போட அவனுக்குத் தெரியாதா? அப்புறம் கல்யாணம் ஏது?

"மிஸ்டர் ஃபாரன்ட், நீங்க கார்ன்வால் போக வேண்டாம்," என்றாள் ஹெஸ்டர். "லெட்டி, உட்காரு."

"எதுக்கு?"

"உட்காருடி. பெரியப்பா வெள்ளிக்கிழமை போயிட்டார்."

லெட்டி உட்காரவில்லை. சிரிப்பு முகத்திலேயே இருந்தது. அதை எடுக்க அவளுக்கு நேரமாயிற்று.

"யார் சொன்னா? இப்ப டாக்டர் சொன்னாரா?"

ஆமாம் என்று ஹெஸ்டர் சொல்லலாம், ஆனால் சமையலறையில் உட்கார்ந்திருக்கும் டிரெகியர் எப்போது வந்தான் என்று வீட்டுக்குப் போனதுமே தெரிந்துவிடும்.

"டிரெகியர் வந்திருக்கான். காலையிலேயே வந்துட்டான்."

ஃபாரன்ட் தொப்பியைக் கழற்றினான். நல்லவன். நல்லவர்களிடம் இருக்கும் ஒரு கஷ்டம் அவனிடமும் இருந்தது. எல்லாம் நேராக இருக்க வேண்டும் அவனுக்கு.

"காலையிலேயே தெரியுமா?" என்றான். "தெரிஞ்சுதான் இங்க வந்தீங்களா?"

"எனக்குத் தெரியும். லெட்டிக்குத் தெரியாது."

"உங்க அம்மாவுக்கு?"

ஹெஸ்டர் ஒரு மூச்சு விட்டாள். பெரியப்பா இல்லையென்றால் சம்மதம் சொல்ல வேண்டியது அம்மா. மணப்பெண்ணின் தாய் பொய்க்காரி என்றால் அந்தச் சம்பந்தத்துக்கு ஃபாரன்ட்டின் தாய் ஒருநாளும் வர மாட்டாள். மணப்பெண்ணின் அக்கா எப்படி இருந்தால் என்ன?

"அம்மாவுக்குத் தெரியாது. சமையலறையில டிரெகியரைப் பார்த்தது நான். வாயை மூடிட்டு இருன்னு சொன்னேன். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நினைச்சேன்."

ஃபாரன்ட் கார்லியன் பக்கம் திரும்பினான். "நீங்க அங்கேர்ந்துதானே வர்றீங்க. சேதியை யார்கிட்ட சொல்லச் சொல்லி அனுப்பினீங்க?"

முதலில் அம்மாவிடம் சொல் என்று அனுப்பியவனே கார்லியன்தான். அவன் ஒரு நிமிடம் ஹெஸ்டரைப் பார்த்தான். காலையில் நடந்தது என்ன, இவள் இப்போது செய்வது என்ன என்று இரண்டும் அவனுக்கு விளங்கிய நேரம் அவன் முகத்திலேயே தெரிந்தது.

"வீட்டுல யாரை முதல்ல பார்க்கறானோ அவங்ககிட்ட," என்றான். "அப்படித்தான் சொன்னேன்."

அம்மா கையில் பனிக்கூழ்க் கிண்ணத்தோடு கூடாரத்திலிருந்து வந்தாள். நான்கு முகங்களையும் பார்த்தாள். நடை தடுமாறியது.

ஹெஸ்டர் முந்திக்கொண்டாள். "அம்மா, மன்னிச்சிடுங்க. காலையிலேயே சொல்லியிருக்கணும். நான் உங்ககிட்ட மறைச்சுட்டேன். பெரியப்பா போயிட்டார்."

இப்போது ஃபாரன்ட் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திருமதி பென்ரோஸ் ஹெஸ்டரை வெறித்தாள். பொய்யை ஏற்றுக்கொள்வதா, மறுப்பதா? பிறகு, "கைல்ஸா?" என்றாள். "கைல்ஸ் போயிட்டாரா?"

கேள்வி நடிப்புதான். ஆனால் அந்தப் பெயரை அன்று அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. கிண்ணம் கையிலிருந்து சரிந்தது. புல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து அடைத்து வைத்திருந்த அழுகை எல்லாம் வந்தது. யாரும் அதைச் சந்தேகப்பட்டிருக்க முடியாது. அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

லெட்டி ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ஃபாரன்ட் வண்டிக்குச் சொல்லி அனுப்பினான். பிறகு ஹெஸ்டரிடம் வந்தான்.

"மிஸ் பென்ரோஸ், லெட்டிகிட்ட நான் கேட்டது கேட்டதுதான். அதுல மாத்தம் இல்லை. துக்கம் முடியற வரைக்கும், ரெண்டு வருஷம் ஆனாலும் காத்திருப்பேன்." அவன் தொப்பியின் விளிம்பைப் பார்த்துப் பேசினான். "ஆனா எங்கம்மாகிட்ட நான் எதையும் மறைக்கறதில்லை. இதையும் சொல்லணும். அதுக்கப்புறம் உங்களை எங்க வீட்டுல ஏத்துக்க அவங்க சம்மதிக்க மாட்டாங்க. எனக்கும் சம்மதிங்கன்னு சொல்ல மனசு வரலை."

"புரியுது," என்றாள் ஹெஸ்டர். "லெட்டியை மட்டும் எதுவும் சொல்லாதீங்க."

"அவங்க என்ன தப்பு செஞ்சாங்க?" என்றான் ஃபாரன்ட், உண்மையாகவே புரியாமல்.

வண்டிக் கதவைச் சாத்தும்போது கார்லியன் குனிந்து அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு வரேன். அந்த வார்த்தையைச் சொல்லணும்."

"நாளைக்குத்தானே எங்களுக்கு முதல் நாள். முதல் நாள் குடும்பத்தார் மட்டும்னு சொன்னீங்களே."

"சொன்னேன்," என்றான். "பதினோரு மணி."

வண்டி கிளம்பியது. ஒரு இருக்கையில் அம்மாவும் லெட்டியும். எதிர் இருக்கையில் ஹெஸ்டர் தனியாக. மூன்று பேரும் கோடைக்கால உடுப்பில் இருந்தார்கள். சாலையில் போகிறவர்கள் எங்கோ நல்ல விருந்துக்குப் போய்வருகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.



"காலையில என் தலையை வாரிவிட்டியே," என்றாள் லெட்டி திடீரென்று. "அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"நான் பாடிட்டிருந்தேன். நீ கேட்டுட்டு சும்மா இருந்தே."

"ஆமா."

"இதை நான் மறக்க மாட்டேன் அக்கா. எட்மண்ட் சொன்னதுல தப்பே இல்லை." அவள் முகத்தைத் திருப்பி அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். "பாவம் அம்மா. உங்களுக்கும் தெரியாம போச்சே."

அம்மாவின் கை லெட்டியின் முதுகில் நின்றது. அவள் எதிரே இருந்த மூத்த மகளைப் பார்த்தாள்.

"லெட்டி," என்றாள். "நான் உங்கிட்ட ஒண்ணு..."

"அம்மா," என்றாள் ஹெஸ்டர், "அந்த ஜன்னலைச் சாத்துங்க. தூசி வருது."

திருமதி பென்ரோஸ் சாத்தவில்லை. லெட்டி தலையைத் தூக்கி, "என்னம்மா?" என்று கேட்டாள்.